தேசம்மா தேய்த்த தகடு

பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு காலத்தில் ஏரி இருந்து, பிறகு ஏரி இருந்ததாகச் சொல்லும் பலகை மட்டும் இருந்து, பிறகு பலகையும் காணாமல் போன இடத்தில் 'மான்ட்ரியல் மெடோஸ்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றது. அதில் நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தன. நாற்பத்திரண்டு வீட்டு ஹாலிலும் சோபாவுக்கு நேர் மேலே ஒரே வெள்ளைக்காரி தொங்கினாள். தங்கள் ரசனை வேறு யாருக்கும் வராது என்பதில் நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரே கருத்தாக இருந்ததால், மொத்தமாக வாங்கினால் சல்லிசாக வரும் என்று சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் எழுதியதும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கி, ஒரே நாளில் ஒரே லாரியில் அவளை வரவழைத்திருந்தார்கள்.

காகிதத்திலோ துணியிலோ அச்சடித்த படமாக இருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். இது அலுமினியத் தகடு. மெல்லிய கம்பியால் கோடு கோடாக இழைத்து, பளபளப்பும் இல்லாமல் மங்கலும் இல்லாமல், பத்து வருஷம் ஆபீஸ் போய்வந்த எவர்சில்வர் டிபன் கேரியர் மாதிரி ஒரு மினுக்கத்தோடு வந்த தகடு. அதன் மேல் மஞ்சள் முடியும், மிளகாய்ச் சிவப்பு உதடும், கன்னம் பூராவும் அம்மை போட்டது போலப் புள்ளிகளுமாக அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்து, வாயை 'ஆ'வென்று திறந்து, எதையோ கண்டு மலைத்துப் போயிருந்தாள். பாப் ஆர்ட் என்றார்கள். அப்படியென்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். கன்னத்தில் கை வைத்த பொம்பளை வீட்டுக்கு ஆகாது என்று இரண்டு மாமியார்கள் முணுமுணுத்தபோது, சங்கச் செயலாளர் வெங்கடவரதன், வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர், அந்த சாஸ்திரம் உள்ளூர்க் கன்னத்துக்குத்தான், வெளிநாட்டுக் கன்னத்துக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். மேலே ஒட்டி வந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக்கைப் பாதி வீடுகளில் கடைசி வரை உரிக்கவே இல்லை. புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் அல்லவா.

அந்தப் படத்தை வாங்கிய பிறகு அதை ஏறெடுத்துப் பார்த்தது ஒரே ஆள்தான். பி பிளாக் மூன்றாம் மாடியில் ஆறு வீட்டுக்கு வேலை செய்த தேசம்மா. தினமும் ஆறு தகட்டையும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்து, உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு இழுப்பாள். 'ஐயோ பாவம், இவளுக்குப் பல் வலி' என்பது அவள் முதல் நாளே கண்டுபிடித்துவைத்த முடிவு. அப்படி நினைத்துக்கொண்டதால் கன்னத்துப் பக்கம் வரும்போது கொஞ்சம் மெதுவாகத் துடைப்பாள்.

தேசம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஆறு கிலோமீட்டர் தள்ளி வாரியக் குடியிருப்பில், லிஃப்ட் என்ற பெயரில் ஒரு பொந்து மட்டும் இருக்கிற கட்டிடத்தின் ஆறாம் மாடியில் வீடு. ஒரே மகள் நிரோஷா, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். தேசம்மாவுக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மகளுக்கு வலி எடுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நிரோஷா பிறந்தபோது தேசம்மாவின் அம்மா பக்கத்தில் இல்லை. அவள் வேலை பார்த்த வீட்டில் விருந்து, லீவு கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஓடிவந்து வாசலில் நின்று அழுதாள். அந்த ஒரு நாளை தேசம்மாவால் இருபத்திநாலு வருஷமாகியும் மன்னிக்க முடியவில்லை, அம்மாவையும் முடியவில்லை, அந்த வீட்டையும் முடியவில்லை.

அதனால்தான் புரட்டாசியிலேயே, பி-301 சுபாஷிணியிடம் போய் நின்றாள். சுபாஷிணி கெட்டவள் இல்லை. லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்க நேரமில்லாத நல்லவள்.

"மேடம், கார்த்திகை கடைசில பொண்ணுக்கு நாளு குடுத்துகிறாங்க. ஒரு இருவது நாளு லீவு வோணும். ஆறு வூட்டுலயும் சொல்லணும், மொதல்ல உங்க கைல சொல்றேன்."

"பார்க்கலாம் தேசம்மா. ஆயுத பூஜை முடியட்டும். நாங்க ஊருக்குப் போறோம், பூஜைக்கு முந்தின நாள்தான் வருவோம். வீட்டுல மெட்டல்னு இருக்கிற எல்லாத்தையும் ஒண்ணு விடாம பளபளன்னு தேய்ச்சு வெச்சிடுங்க, சரியா?"

'பார்க்கலாம்' என்ற சொல்லை அந்த அடுக்ககத்தில் 'மாட்டேன்' என்பதற்கு மரியாதையாகப் பயன்படுத்துவார்கள். தேசம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் வேலையில் குறை சொல்ல இடம் வைக்காமல் செய்துவிட்டால் லீவு இல்லை என்று சொல்ல மேடத்துக்கு வாய் வராது என்று நம்பினாள். ஆக, யாருமில்லாத வீட்டில், குத்துவிளக்கைத் தேய்த்து, உருளியைத் தேய்த்து, செம்புக் குடத்தைத் தேய்த்து, எவர்சில்வர் டப்பா, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, ஜன்னல் கொண்டி, அடுப்பு மேடைத் தகடு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து முடித்து நிமிர்ந்தபோது, ஹாலில் வெள்ளைக்காரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேசம்மா போய் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். 'டங்' என்றது.

மெட்டல் என்றால் புளி. இதில் தேசம்மாவுக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பாத்திரம் தேய்த்த எவளுக்கும் சந்தேகம் கிடையாது. படத்தைக் கழற்றி, பால்கனியில் சாய்த்து, ஊறவைத்த புளியும் கல்லுப்பும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தாள். முதலில் மஞ்சள் முடி போயிற்று, பிறகு சிவப்பு உதடு போயிற்று, பிறகு புள்ளி புள்ளியாகக் கன்னம் போயிற்று, கை போயிற்று, கடைசியாக அந்த மலைப்பும் போயிற்று. "பல்லு வலி தீந்துச்சா தாயீ" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வெறும் தகடு வெயிலில் தகதகத்தது. அதில் தன் முகம் கோடு கோடாகத் தெரிந்ததைப் பார்த்தபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. லீவு போயிற்று, வேலையும் போயிற்று என்று தகட்டைத் துடைத்துப் பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை அந்தத் தகட்டில் தேசம்மாவின் முகம் பழுத்து வந்திருந்தது. மாம்பழம் பழுக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து நிறம் ஏறி வந்திருந்தது. மஞ்சள் முகம், நீலக் கொண்டை, அதே மிளகாய்ச் சிவப்பு உதடு, கன்னத்தில் அதே புள்ளிகள். வலது புருவத்தில் பழைய தழும்பு மட்டும் வெள்ளைக் கோடாக இருந்தது. பி-301-இல் மட்டுமல்ல, நாற்பத்திரண்டு வீட்டிலும். உரிக்காத பிளாஸ்டிக்குக்கு அடியிலும். எல்லாம் ஒரே அச்சின் நகல்தானே. ஒன்றைத் தேய்த்தால் மற்றவை மட்டும் தேயாமல் எப்படி இருக்கும்.

வாட்ஸாப் குழுவில் ஏ-104 முதலில் எழுதினார்: 'நம்ம பெயின்டிங்கை யாராவது மாத்தினீங்களா?' அதற்கு வந்த நூற்றுப் பதினேழு பதில்களில் கடல் காற்று, உப்புத் தண்ணீர், செல்போன் கோபுரம், ராகு-கேது பெயர்ச்சி ஆகியவை ஆராயப்பட்டன. நடுவில் ஒருவர் தம் வீட்டு இட்லி மாவு விளம்பரத்தையும் போட்டார். விற்ற கம்பெனிக்குப் போன் செய்தபோது, உத்தரவாதப் பத்திரத்தில் நிறம் மங்குதலும் விளிம்பு உரிதலும் உண்டு, ஆள் மாறுதல் இல்லை என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லி, சேவை திருப்தியா என்று ஐந்து நட்சத்திரம் கேட்டாள்.

அது யார் முகம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வருஷமாக அந்த முகம் காலை ஏழரை மணியிலிருந்து அவர்களில் ஆறு வீட்டார் கதவைத் தட்டியிருக்கிறது. அவர்கள் வாந்தியை வழித்திருக்கிறது. அவர்கள் சண்டை போடும்போது சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது. ஆனாலும் 'மாடல் யாரு? கேரளா சைடா இருக்குமோ' என்றுதான் பேசிக்கொண்டார்கள். கண்டுபிடித்தது மஃபின். ஊரிலிருந்து திரும்பியிருந்த சுபாஷிணி வீட்டு லாப்ரடார் நாய். அது சோபாவில் முன்னங்காலைத் தூக்கிவைத்து, சுவரைப் பார்த்து வாலை ஆட்டி, தேசம்மா தினமும் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் பொறை ரொட்டிக்காகக் காத்து நின்றது. சுபாஷிணி நாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தேசம்மாவைப் பார்த்தாள்.

"தேசம்மா... இது நீங்களா?"

"நான் இங்க தான மேடம் கீறேன்" என்றாள் தேசம்மா, துடைக்கிற துணியை விடாமல். பிறகு மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னாள். "புளி போட்டுத் தேச்சேன் மேடம். மெட்டலு ஒண்ணு வுடாம தேய்க்கச் சொன்னீங்களே."

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். சங்கம் வைத்திருக்கும் மனிதர்கள் இன்னும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் முதல் பொருள் மொட்டை மாடி ஒழுகல், இரண்டாவது நாய் கழிவு, மூன்றாவது தேசம்மாவின் முகம். வேலை செய்கிறவள் படத்தை ஹாலில் வைத்துக்கொண்டு விருந்தாளிக்கு எப்படி ஜூஸ் கொடுப்பது என்று ஒரு கட்சி. கழற்றினால் சுவரில் நாலுக்கு மூன்று வெள்ளையாகத் தெரியுமே, அதற்கு எதை மாட்டுவது என்று இன்னொரு கட்சி. திருகாணி ஓட்டையை அடைப்பது யார் பொறுப்பு என்று மூன்றாவது கட்சி. வாஸ்துக்காரரை வரவழைத்தார்கள், கிழக்குப் பார்த்த சுமங்கலி விசேஷம் என்றார், சுமங்கலி இல்லை என்றதும், கிழக்குப் பார்த்திருந்தால் போதும் என்று இறங்கி வந்தார். கடைசியில் சி பிளாக்கில் யாருடைய நாத்தனாரோ, அலங்கார ஆலோசகர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டின் முன் ஐந்து நிமிஷம் நின்று, "உழைப்போட அழகியல். சான்ஸே இல்ல" என்றாள். அவ்வளவுதான். தங்களுக்கு முதல் நாளே அப்படித்தான் தோன்றியது என்று நாற்பத்திரண்டு குடும்பங்களும் சொல்லின. பக்கத்து அடுக்ககத்திலிருந்து வந்து வயிறெரிந்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டில் அந்த வயிற்றெரிச்சலுக்குப் பூசணிக்காய் சுற்றினார்கள்.

வாசல் பலகை மட்டும் மாறவில்லை. 'வீட்டுப் பணியாளர், நாய், சாமான்கள் பின்பக்க லிஃப்ட்டில் செல்லவும்.' முகம் ஹாலில் இருந்தது; முகத்துக்குச் சொந்தக்காரி பின்பக்கமாகவே வந்துபோனாள். நிரோஷா மட்டும் போனில் வந்த படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். "யம்மா, லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டுகினு இன்னா ஸ்டைலா கீற! ஒரு வாட்டி நேர்ல போட்டுக் காட்டேன்." தேசம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அன்று போகும் வழியில் பேருந்துக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

சிக்கல் தீபாவளிக்கு வந்தது. தேசம்மா கனகாம்பரம் வைத்த அன்று நாற்பத்திரண்டு கொண்டையிலும் கனகாம்பரம் ஏறியதை எல்லோரும் ரசித்தார்கள். தோடு மாற்றியபோது தோடு மாறியதையும் ரசித்தார்கள். ஆனால் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு தேசம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டு, இடது கன்னம் பன் மாதிரி வீங்கி, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது, நாற்பத்திரண்டு ஹாலிலும் பன் வீங்கி, துண்டு கட்டி, ஒரு கண் மூடிய முகம் தொங்கியது. நாற்பத்திரண்டு வீட்டிலும் விருந்து. ஏழு வருஷத்தில் தேசம்மா எத்தனையோ நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறாள். யாருக்கும் அதைக் கேட்க நேரம் இருந்ததில்லை. இப்போது ஒன்பது பேர் ஒரே காரில் ஏறி அவளைப் பல் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். "பார்ட்டிக்குள்ள வீக்கம் வடியணும் டாக்டர்" என்றார் வெங்கடவரதன். எந்தப் பல் வலிக்கிறது என்று தேசம்மாவைக் கேட்டது டாக்டர் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவளைத் தாங்கினார்கள். முகப் பராமரிப்புக் குழு என்று ஐந்து பேரைப் போட்டார்கள். காலையில் மஞ்சள் பால், பதினோரு மணிக்கு இளநீர், மத்தியானம் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலி ஹாலில் இல்லை, பால்கனியில்தான், அவ்வளவுக்குப் போக முடியாது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "சாப்டீங்களா தேசம்மா?" என்று கேட்டு, பால் பொங்குகிறதா என்று பார்ப்பது மாதிரி முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூட வேலை செய்கிற குப்பு, "ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம்டீ" என்று கிண்டல் செய்தாள். தேசம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாரியக் குடியிருப்பில் யாரோ செத்துப்போனதற்கு அழ ஆரம்பித்தால் குழுவிலிருந்து போன் வரும். பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டால் போன் வரும். குழம்பில் உப்பு கூடி முகம் சுளித்தால்கூட, 'என்ன ஆச்சு தேசம்மா, ஏதாவது பிரச்சினையா?' தன் முகத்தைத் தானே வாடகைக்கு வைத்திருக்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. அதற்கு அட்வான்ஸ் வாங்கிய நினைவும் இல்லை.

கார்த்திகை பிறந்தது. ஒரு சேனலின் வீட்டு அலங்கார நிகழ்ச்சிக்காரர்கள் 'ஒரே முகம் கொண்ட அடுக்ககம்' என்று படம் எடுக்க வருவதாகக் கடிதம் வந்தது. தேதி, கார்த்திகை இருபத்தெட்டு. தேசம்மா லீவு கேட்கப் போனது அந்தக் கடிதம் வந்த மறுநாள். சுபாஷிணி உட்பட குழு முழுக்க உட்கார்ந்திருந்தது, இவள் நின்றாள்.

"சார், இருவத்தஞ்சு தேதிலேந்து லீவு. பொண்ணுக்கு நாளு நெருங்கிடுச்சு."

வெங்கடவரதன் பொறுமையான மனிதர். வங்கியில் கடன் மறுத்துப் பழகிய பொறுமை. "இங்க பாரும்மா. ஆஸ்பத்திரின்னா கவலை. கவலைன்னா முகம். முகம்னா நாப்பத்திரண்டு வீடு. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

"தலைப்பிரசவம் சார். நான் கூட இல்லாம எப்டி?"

"வீடியோ கால்ல பாத்துக்கலாமே. இப்ப எல்லாமே ஆன்லைன்தானே. சங்கம் சார்பா ஒரு பழக்கூடை அனுப்பிடறோம், பெரிசா."

தேசம்மா சுபாஷிணியைப் பார்த்தாள். சுபாஷிணிக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது உண்மைதான். அவளும் ஒரு பிள்ளை பெற்றவள், அவள் அம்மா மூன்று மாசம் கூட இருந்து பத்தியச் சாப்பாடு போட்டவள். "ஷூட்டிங் அன்னிக்கு ஒரு நாள் மட்டும் தேசம்மா. அது முடிஞ்சா அன்னிக்கே கிளம்பிடுங்க. டெலிவரி அதுக்கப்புறம்தானே இருக்கும்" என்றாள். பிள்ளைக்கும் நாட்காட்டி அனுப்பியிருப்பார்கள் போல. வேலையை விட்டுவிடலாம் என்று தேசம்மாவுக்குத் தோன்றியது. ஆறு வீட்டை விட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி எதில் வைப்பது என்றும் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பின்பக்க லிஃப்ட்டில் இறங்கும்போது தன் அம்மாவை முதல் தடவையாக நினைத்துப் பரிதாபப்பட்டாள். அவளும் இப்படித்தான் ஒரு விருந்து வீட்டில் தலையை ஆட்டியிருப்பாள்.

இருபத்தெட்டாம் தேதி காலை மான்ட்ரியல் மெடோஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தேசம்மாவுக்குப் புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை. சுபாஷிணி வீட்டு ஹாலில், வாழ்நாளில் முதல் தடவையாக, சோபாவில் உட்காரவைத்தார்கள். சுவரில் உள்ள சிரிப்பு கேமராவில் நன்றாக விழ வேண்டுமே, அதற்காகக் குழுவிலிருந்து இரண்டு பேர் எதிரே நின்று நகைச்சுவைத் துணுக்கு சொன்னார்கள். வாட்ஸாப்பில் வந்தவைதான். தேசம்மா மரியாதைக்குச் சிரித்தாள். நாற்பத்திரண்டு தகடும் மரியாதைக்குச் சிரித்தன.

பதினோரு மணிக்கு இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி. "தேசம், உன் பொண்ணுக்கு வலி கண்டுச்சு. பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. ஆட்டோல பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம். உன்னியே கேக்குது."

தேசம்மா எழுந்தாள். சுவரில் சிரிப்பு அணைந்தது. "லைட்டிங் மாறுது" என்றான் கேமராக்காரன்.

"ரெண்டே மணி நேரம்மா!" வெங்கடவரதன் வாசலை மறித்துக் கையை விரித்தார். "ரெண்டே மணி நேரம். அப்புறம் நானே என் கார்ல கொண்டுவந்து விடறேன்."

ஏழு வருஷத்தில் அவரிடம் 'சரி சார்' தவிர வேறு சொல் பேசியிராத தேசம்மா, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொகந்தான சார் வோணும் உங்களுக்கு? அது செவுத்துல கீது. எடுத்துக்குங்க. நான் போறேன்."

அவர் கையைத் தள்ளவில்லை. குனிந்து அதன் அடியில் நுழைந்து போனாள். பின்பக்க லிஃப்ட்டில் கேமரா சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்பக்க லிஃப்ட் திறந்திருந்தது. ஏறினாள். எல்லாரையும் இறக்குகிற மாதிரியே அது அவளையும் கீழே இறக்கிவிட்டது.

பிரசவ வார்டு வாசலில் தேசம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு கடைசிக் கதவு வரை நடந்தாள். "யம்மா, வந்துட்டியா" என்றாள் நிரோஷா. அதற்கு மேல் பேச வலி விடவில்லை. கதவு சாத்தியது. வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, யார் எந்தச் சுவரில் பார்த்தால் என்ன என்று, தேசம்மா அழுதாள். மூக்கு ஒழுக, வாய் கோண, மல்லிகை அவிழ்ந்து தோளில் விழ, உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு அலறலுக்கும் தானும் ஒரு தடவை பிள்ளை பெறுகிறவளாக அழுதாள். இத்தனை நாளாக அடக்கிவைத்ததெல்லாம் வந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் தன் முகத்தை யாரும் கேட்காமல் இப்படித் தன் இஷ்டத்துக்கு விட்டதில் ஒரு சுகமும் இருந்தது.

மூன்றரை மணிக்கு ஆயா வந்து, "தேசம்மா யாரு? பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க" என்று ஒரு பழைய வேட்டித் துணிப் பொட்டலத்தை மடியில் வைத்தாள். பொட்டலத்தின் நடுவே ஈரத் தலையும், இறுக மூடிய கண்ணும், வெந்நீரில் போட்ட மாதிரிச் சிவந்த மூக்கும் இருந்தன. அது ஒரு கொட்டாவி விட்டது. தேசம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடுப்பில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஒரு கையால் பிள்ளையைத் தாங்கி, இன்னொரு கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"தேசம்மா, நான்தான் சுபாஷிணி." பின்னால் ஒரே இரைச்சல். "மத்தியானம் பூரா நீங்க அழுததுல எல்லாரும் பயந்துட்டாங்க. ஷூட்டிங் ஆளுங்க பாதியிலேயே கிளம்பிட்டாங்க. எல்லாப் படத்து மேலயும் பெட்ஷீட் போட்டோம். டாக்டர் யாரையாவது பிடிச்சு ஆஸ்பத்திரியில சொல்லலாம்னு பார்த்தோம், உங்க பொண்ணு பேரு யாருக்குமே தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்போ பெட்ஷீட்ட எடுத்துப் பார்த்தா நீங்க சிரிக்கிறீங்க தேசம்மா. இப்படி ஒரு சிரிப்ப நாங்க பார்த்ததே இல்ல. எல்லாரும் எங்க வீட்டுலதான் இருக்காங்க. ஆனா நீங்க கீழ பாக்குறீங்க. எதப் பாக்குறீங்கன்னு தெரியல. அது படத்துக்குக் கீழ இருக்கு."

"ஆமா மேடம்."

"வெங்கடவரதன் சார் தரையில உக்காந்து அடியில எட்டி எட்டிப் பாக்கறார். சிலர் கழட்டிக்கூடப் பார்த்தாங்க. தகடு அங்கேயே முடிஞ்சுடுது." சுபாஷிணியின் குரல் தழைந்தது, கெஞ்சல் மாதிரியே இருந்தது. "அத கொஞ்சம் மேல தூக்கி, உங்க கன்னத்துகிட்ட வெச்சுக்கறீங்களா? ஒரே ஒரு நிமிஷம். நாங்களும் பாத்துடறோம்."

தேசம்மா மடியைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று.

"முடியாது மேடம்" என்றாள். "தூங்குது."

போனை அணைத்துப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் பிள்ளையைச் சுற்றி மூடிக்கொண்டாள்.